மூக்கு முகராத சொல்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மூக்கு ஒரு சேதி சொன்னது. கோகிலவாணிக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மாதிரி எண் நூற்றுப் பதினேழு. எச்சில். மரவள்ளித் தேமல் வைரஸ் உறுதி. தொற்றிய உயிர்: மனிதர். பெண். வயது ஒன்பது."

மரவள்ளித் தேமல் அவளுக்குப் பழகிய பெயர்தான். கொல்லிமலை அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடாத காடு கிடையாது, அந்தத் தேமல் வராத காடும் கிடையாது. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் படரும். இலை சுருங்கும். கிழங்கு விரல் தண்டிக்கு மேல் பெருக்காது. ஆனால் அது செடிக்கு வருவது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மரவள்ளித் தேமல் என்பது கோழிக்குப் பல்வலி என்பது போல.

"மறுபடி படி," என்றாள்.

மூக்கு மறுபடி படித்தது. இந்தத் தடவை பெயரையும் சேர்த்துப் படித்தது. பூ. தன்ஷிகா, நான்காம் வகுப்பு. அது அவள் பெற்ற மகள்.

மூக்கு என்றால் முகத்தில் இருப்பது இல்லை. அதன் அரசாங்கப் பெயர் 'ஒருமை உயிர்க்கண்காணிப்பு நிலையம்'. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நோய் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று ஜனங்களே மூக்கு என்று சுருக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரி, மாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரி, பயிருக்கு ஓர் அலுவலகம் என்று மூன்று கதவு இருந்தது. வைரஸ் கதவு பார்த்தா வருகிறது? அது பாட்டுக்குக் கோழியிலிருந்து ஆளுக்கும் வௌவாலிலிருந்து பன்றிக்கும் தாண்டிக்கொண்டிருக்க, அலுவலகங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்றையும் ஒன்றாக்கினார்கள். ஒரே கருவி, ஒரே போன் எண். சாக்கடைத் தண்ணீர், சாணி, எச்சில், இலை என்று எதைக் கொடுத்தாலும் அதற்குள் இருக்கும் வைரஸின் மரபணுவை எழுத்துக் கூட்டிப் படித்துப் பெயர் சொல்லும். போனில் யார் எந்த நோயைச் சொன்னாலும் கேட்டு, வகை பிரித்து, அதற்கான பதிலையும் தானே சொல்லிவிடும். பதினெட்டு ஊருக்கு ஒரு மூக்கு. கல்லேரிப்பட்டி மூக்கை இயக்குகிறவள் வாணி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு கோழிகூடச் சுணங்குவதற்கு முன்பே, பண்ணைச் சாக்கடையில் பறவைக் காய்ச்சல் இருக்கிறது என்று மூக்கு சொன்னது. ஊர் பிழைத்தது. அன்றிலிருந்து 'மூக்கு பொய் சொல்லாது' என்பது அந்த வட்டாரத்துப் பழமொழி. பங்காளிச் சண்டையில்கூட "வா, மூக்குகிட்டயே கேட்டுப்போடலாம்" என்பார்கள். அந்தப் பழமொழியை வீடு வீடாகப் போய்ப் பரப்பியவளே வாணிதான். இப்போது அது அவள் தலையில் வந்து விடிந்தது.

செடி வைரஸ் ஒன்று மனிதருக்குள் வந்தால் அதற்குச் சட்டத்தில் 'எல்லை தாண்டல்' என்று பெயர். உலகத்தில் எங்கும் நடக்காதது. நடந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பதினாறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்கு வேலி. யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரக் கூடாது. நாலாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு முதல் நோயாளியை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பெற்றவர்கள் உடன் போகக் கூடாது. எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்ற இடத்தில் 'முழுமையாகப் புரிந்த பின்' என்று போட்டிருந்தது.

வாணி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். வைரஸை யார் எப்போது முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்?

பதினொன்றரைக்கு மாவட்ட மையத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. வந்தவர் டாக்டர் சகாயராணி. ஐம்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். உடம்பு முழுக்க வெள்ளை உறை மாட்டிக்கொண்டு இறங்கியவரைப் பார்த்து ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. தன்ஷிகாவைப் பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் தனியாக வைத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறின தேமல், அவ்வளவுதான். கணக்குப் பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மேடம், செடி வைரஸ் மனுசருக்கு வருமுங்களா?" என்று வாணி கேட்டாள்.

"இதுவரைக்கும் வந்ததில்ல."

"வரவே வராதுங்களா?"

"அப்படிச் சொல்லிட்டு நாளைக்கு வந்துட்டா என் மூஞ்சில கரி." சகாயராணி வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வைரஸ் தனியா இருந்தா வெறும் தூசி, வாணி. இன்னொரு உயிரோட செல்லுக்குள்ள நுழைஞ்சாத்தான் அதுக்குப் பொழப்பு. நம்ம செல்லுக்கு வெளிய தாழ்ப்பாள் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்குப் பொருந்தற சாவி எந்த வைரஸ்கிட்ட இருக்கோ அது திறந்துட்டு உள்ள போயிடும். செடியோட செல்லுக்கு அந்த மாதிரி வாசல் இல்ல. சுத்தியும் மதில். வெள்ளை ஈ வந்து சாறு உறிஞ்சக் குத்துதில்ல, அந்த ஓட்டை வழியாத்தான் இந்தத் தேமல் வைரஸ் உள்ள விழுது. ஈ ஓட்டை போட்டுக் கொடுத்தா நுழையற திருடன் இவன். இவன்கிட்ட சாவி ஏது?"

"அப்பறம் எப்படிங்க பாப்பா வாயில?"

"அதுதான் எனக்கும் புரியல."

டாக்டருக்கே புரியவில்லை என்றதும் வாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளைப் பார்த்தால் மூக்கு சொல்வது பொய் என்று தோன்றியது. மூக்கைப் பார்த்தால் தன் கண்தான் பொய் சொல்கிறதோ என்று தோன்றியது. ஆறு வருஷமாகத் தப்பே செய்யாத கருவி. பெற்ற பாசம் கண்ணை மறைக்கும் என்று அவளே எத்தனை தாய்மார்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள்.

ஊருக்கும் குழப்பம்தான். ராக்கியண்ணன் திங்கட்கிழமை கிழங்கு பிடுங்கிக் காட்டில் குவித்திருந்தார். லாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பிடுங்கின குச்சிக்கிழங்கு மூன்று நாளில் உள்ளே கறுத்துப்போகும். அவர் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்.

"ஏம்மிணி வாணி, எங்க கிழங்குலருந்து உம்பட பாப்பாவுக்கு வந்துதா, இல்ல உம்பட பாப்பாகிட்டருந்து எங்க கிழங்குக்கு வந்துதா? அதையாச்சும் ஒருத்தர் சொல்லுங்க!"

யாருக்குத் தெரியும்?

மத்தியானம் சோறு கொண்டுவந்த கணவன் பூபதி, கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். கழுத்தைச் சொறிந்தான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் கழுத்தைச் சொறிந்தால் என்ன அர்த்தம் என்று வாணிக்குத் தெரியும்.

"என்ன பண்ணினீங்க, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம பாப்பா கன்னத்துல அத பாத்தேன். உங்கிட்டச் சொன்னா வெயில்ல ஏன் வுட்டீங்கன்னு என்னையத்தான் வைவ. அதான் நம்ம மூக்கு நம்பருக்கே போன் போட்டு, தன்ஷிகாவுக்குத் தேமல் வந்துருக்குது, என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"அது என்ன சொல்லுச்சு?"

"வெள்ளை ஈய ஒழிக்க மஞ்ச அட்ட கட்டச் சொல்லுச்சு. அப்பிடியும் கேக்கலீனா வேரோட புடுங்கி எரிச்சுப்போடச் சொல்லுச்சு. இதுக்கு மற கழண்டுபோச்சுன்னு வெச்சுட்டேன்."

வாணிக்குச் சிரிப்பு வந்தது. நாலு மணி நேரத்தில் முதல் சிரிப்பு. அடுத்த நொடி அது நின்றுவிட்டது.

மூக்கு வந்த புதிதில் அதற்குப் புத்தகத் தமிழ் மட்டும்தான் தெரியும். வட்டாரத்துப் பேச்சை அதற்குக் கற்றுக்கொடுக்க இயக்குபவர்தான் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். வாணி இரண்டு வாரம் உட்கார்ந்து சொன்னாள். 'தேமல்: மரவள்ளி, வெண்டை இலையில் வரும் மஞ்சள் திட்டு.' ஆளுக்கு வரும் நோய்களுக்கு அச்சடித்த பட்டியல் மேலிடத்திலிருந்தே வந்திருந்தது. அதில் 'தோல் நிறமாற்றம்' என்று இருந்தது. தேமல் என்ற வார்த்தை அதிலும் வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முகத்தில் வந்தாலும் தேமல்தான், இலையில் வந்தாலும் தேமல்தான் என்பது தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைச் சொல்லவில்லை.

அவள் டாக்டரிடம் ஓடினாள். சகாயராணி கேட்டு முடித்துவிட்டு நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"ஆக, வாயில தேமல் வைரஸோட மரபணு இருக்கு, மூஞ்சில தேமல்னு புகாரும் இருக்கு. ரெண்டையும் வெச்சு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுடுச்சு. புகார் சங்கதி புரிஞ்சுது. ஆனா மரபணு? அது வார்த்தை இல்லையே. அது நெசமாவே பிள்ளை வாயில இருந்திருக்கே."

"திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல எச்சில் எடுத்தாங்க மேடம். காலைல பாப்பா குச்சிக்கெழங்குதான் சாப்ட்டுப்போட்டுப் போச்சு. இன்னிக்குங்கூட அதேதானுங்க."

சகாயராணி அவளையே பார்த்தார். பிறகு, "வீட்ல மிச்சம் இருக்கா?" என்றார்.

இருந்தது. தேங்காய்த் துருவல் போட்டுத் தாளித்த கிழங்கு. டாக்டர் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கிண்ணமும் சாப்பிட்டார். அப்புறம் சோதனைக் குழாயில் துப்பினார். வாணி அதைச் சோதனைப் பிரிவில் போட்டாள்.

"மரவள்ளித் தேமல் வைரஸ் உறுதி," என்றது மூக்கு, எந்த வெட்கமும் இல்லாமல். "தொற்றிய உயிர்: மனிதர். பெண். வயது ஐம்பத்தாறு."

"போச்சு, எனக்கும் வந்துடுச்சு," என்றார் சகாயராணி. "ஒருத்தருக்கு வந்துதுன்னு பதிஞ்சதும், இனி யாருக்கும் வரும்னு நம்பிடுச்சு." "பாத்தியா வாணி, கண்டுபிடிக்கிறது வேற, தொத்தறது வேற. இது பேரைத்தான் படிக்கும். அந்த ஆள் அங்க குடியிருக்கானா, இல்ல வழியில போறவனான்னு இதுக்குத் தெரியாது. குடியிருந்தா நாளுக்கு நாள் பெருகுவான். வழிப்போக்கன்னா காணாமப் போயிடுவான். பிள்ளைக்குக் கிழங்கே கொடுக்காம மூணு நாள் எச்சில் எடுப்போம். அது ஒண்ணைத்தான் மேலிடம் ஒத்துக்கும்."

அன்று சாயங்காலம் எடுத்ததில் கொஞ்சமாக இருந்தது. வாணிக்கு உயிர் வந்தது. புதன்கிழமை காலையில் எடுத்ததில் முதல் நாளைவிட எட்டு மடங்கு இருந்தது.

வாணி அந்த எண்ணை மறுபடி படித்தாள். எட்டு மடங்கு. குடியிருந்தால் பெருகுவான் என்று டாக்டர் சொன்னாரே. அப்படியானால் வார்த்தைக் குழப்பம் என்பதெல்லாம் தான் கட்டிய கதையா? மூக்கு சொன்னதுதான் நிஜமா? சகாயராணி கழற்றி வைத்திருந்த வெள்ளை உறையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வாணிக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்தாள்.

"பாப்பா, என்ன சாமி சாப்ட்ட?"

"நீ குடுத்த இட்லிதாம்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லையே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ராக்கியண்ணன் தாத்தா சொல்லியிருக்குது."

கட்டிலுக்கு அடியில் கிழங்கு சிப்ஸ் பாக்கெட் இரண்டு கிடந்தது. ஒன்று காலி. வெளியே நின்று அவ்வளவு சத்தம் போட்ட மனுஷன், பிள்ளை தனியாகக் கிடக்கிறதே என்று பின்பக்கத்துச் சன்னல் வழியாக நீட்டியிருக்கிறார். வாணி கோபப்பட ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் ஒன்றும் இல்லை. சுத்தம்.

"இனி கருவிக்குள்ள தப்பைத் திருத்து," என்றார் சகாயராணி. "திருத்தினாத்தான் வேலி எறங்கும். எட்டே முக்கால் ஆச்சு. மத்தியானம் பன்னெண்டுக்கு ஆய்வக வண்டி வந்துடும்."

வாணி சொல் பட்டியலைத் திறந்தாள். தேமல் என்ற ஒன்றை இரண்டாகப் பிரித்தாள். இலைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. மைக்கைப் பிடித்து, நிதானமாக, ஆறு வருஷத்துக்கு முன்பு சொன்ன அதே குரலில் சொல்லிக்கொடுத்தாள்.

"நன்றி," என்றது மூக்கு. "கற்றுக்கொண்டேன். எல்லை தாண்டல் இல்லை. வேலி நீக்கப்படுகிறது. முதல் நோயாளி பதிவு நீக்கப்படுகிறது."

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கு இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"இதேபோல் மனிதருக்கும் பயிருக்கும் பொதுவான சொற்கள் மேலும் உள்ளன. பழைய புகார்களையும் மறுபடி பிரிக்கவா?"

"எல்லாத்தையும் பிரி," என்றாள் வாணி. அந்த நேரத்தில் கழுத்தை அறுக்கவா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மகளைத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்க நடந்து வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ராக்கியண்ணன் கிழங்கில் பாதி கறுத்துப்போயிருந்தது. "மீதிப் பாதி இருக்குதல்ல, வுடு," என்றார்.

நிலையத்துக்குத் திரும்பியபோது சகாயராணி திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். பை தோளில் இருந்தது.

"வாணி, இதென்ன பிள்ளை?"

திரையில் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு, 'பிள்ளை வாடல்'. மொத்தம் நாற்பத்து மூன்று புகார்.

"அது தென்னம்பிள்ளைங்க மேடம். வாழைன்னா கன்னு, தென்னைன்னா பிள்ளை. நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மேலிடத்துப் பட்டியலில் தென்னங்கன்று என்றுதான் இருந்தது, அது நம் பேச்சு இல்லை என்று அவள்தான் மாற்றினாள்.

அப்புறம்தான் பட்டியலின் கீழே இருந்த வரியைப் படித்தாள். 'இவற்றில் எது தென்னை, எது குழந்தை எனத் தெரியவில்லை. முப்பது நாளுக்கு மேற்பட்ட குரல் பதிவுகள் அழிக்கப்பட்டன. இயக்குபவர் தெளிவுபடுத்தவும்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

நாற்பத்து மூன்றுக்கும் எதிரே ஒரே பதில் இருந்தது. 'குருத்தில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து வைக்கவும். தொடர்ந்து கவனிக்கவும்.' தென்னைக்கு அது நல்ல வைத்தியம்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை நிறத்தில் ஒரு டிக். 'தீர்வு வழங்கப்பட்டது. இயக்குபவர்: கோகிலவாணி.' அந்த டிக்கைப் போட அவள் எதையும் படித்ததில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு வரிசையாகத் தட்டிக்கொண்டே போவாள். மூக்குதான் தப்பே செய்யாதே.

"எல்லாம் தென்னையாத்தான் இருக்கும் மேடம்," என்றாள். "குழந்தைக்கு முடியலீன்னா யாராச்சும் போன் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்களா? தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டாங்களா?"

"எந்த ஆஸ்பத்திரிக்கு? ஒரே நம்பர்னு நாமதானே போர்டு வெச்சோம்." சகாயராணி விரலைத் திரையில் வைத்தார். "இதைப் பாரு. போன வருஷம் ஆவணி. பதினோரு நாள்ல ஒன்பது போன். எல்லாம் வயக்காட்டுப் பக்கத்து ஊருங்க. 'பிள்ளை வாடல், தலை சாய்தல்.' தென்னம்பிள்ளை இப்படி வரிசை போட்டு வாடுமா?"

"அப்பறம் என்னங்க?"

"எனக்குத் தெரியல. நான் சந்தேகப்படறது மூளைக்காய்ச்சல். அந்த வைரஸ் பன்றிகிட்டயும் கொக்குகிட்டயும் இருக்கும். கொசு அங்க குடிச்சுட்டு வந்து குழந்தையைக் குத்தும். ரத்தத்துல ரெண்டு மூணு நாள் இருந்தாலே அதிகம், நேரா மூளைக்குப் போயிடும். சாக்கடையில வராது, எச்சில்ல பிடிபடாது. மூக்குக்கு வாசமே தெரியாது. இதுக்கெல்லாம் மனுசங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

"சொல்லியிருக்காங்களே மேடம்," என்றாள் வாணி.

சகாயராணி பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

தன்ஷிகா வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தது. கொஞ்சம் இரு சாமி என்று வாணி அதைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். போனை எடுக்கும்போது அவளுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. உங்கள் பிள்ளை மரமா, மனிதரா என்று எப்படி ஒருவரிடம் கேட்பது? அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

முதல் எண்ணில் ஓர் ஆண் குரல் சிரித்தது. "தென்னம்பிள்ளைதானுங்க! நீங்க சொன்ன மருந்து வெச்சு இப்ப நல்லா எந்திரிச்சுட்டுது. வேற எந்தப் பிள்ளைங்க?" வாணி அந்தச் சிரிப்புக்காக அவருக்குக் கும்பிடு போட்டாள். இரண்டாவது எண்ணும் தென்னைதான். மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை. நான்காவது ஆவணி மாதத்து ஒன்பதில் ஒன்று. எடுத்தது ஒரு பெண். சின்ன வயதுக் குரல்.

"வணக்கமுங்க. நோய் நம்பர்லருந்து பேசறேன். போன வருசம் ஆவணில போன் பண்ணியிருந்தீங்க. பிள்ளை வாடிப்போச்சு, தலை நிக்கலீன்னு."

"ஆமாங்க."

"அது... அது தென்னம்பிள்ளைங்களா?"

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்களுக்கு ஏதுங்க தென்னை? எம்பட பையனுங்க. அப்ப எட்டு மாசம்."

சகாயராணி பக்கத்தில் நின்று, அடுத்த கேள்வியைக் கேள் என்று கையால் காட்டினார். வாணி மடியில் சாய்ந்திருந்த மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். போனில் இருந்தவளே பேசினாள்.

"நீங்க கவர்மெண்ட்டுலருந்துதானுங்க பேசறீங்க? ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுங்க. அவன் போனதுக்கப்பறம் மறுபடி போன் போட்டு என்னத்தப் பண்ணப்போறேன்னு வீட்ல வேண்டாம்னுட்டாங்க. குருத்துல வேப்பம்புண்ணாக்கும் மணலும் வெக்கச் சொன்னீங்கல்ல. எனக்குக் குருத்துன்னா வெளங்கலீங்க. யார்கிட்டக் கேக்கறதுன்னும் தெரியல. உச்சந்தலைல துடிக்குமில்லீங்களா, அந்த எடத்துல வெச்சேன். ராவும் பகலும் காயாமப் பாத்து மாத்தி மாத்தி வெச்சேனுங்க. ஏனுங்க, நான் எடத்த மாத்தி வெச்சுட்டனுங்களா?"